960எம் லேப்டாப்பா, 750 டிஐ டெஸ்க்டாப்பா? கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு எதை வாங்கலாம்?

குடியாத்தம் ஸ்டுடியோ:

எல்லோருக்கும் வணக்கம். குடியாத்தத்தில் எங்கள் மாமா ஸ்டுடியோ வைத்திருக்கிறார். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து என்று எல்லாம் எடுப்பார், ஆல்பம் டிசைனும் வீடியோ எடிட்டிங்கும் என் பொறுப்பு. இருந்த சிஸ்டத்தில் மதர்போர்டு போய்விட்டது. ஆவணி முகூர்த்தம் நெருங்குகிறது, புதிதாக வாங்கும் அளவுக்குக் கையில் பணம் இல்லை, அதனால் செகண்ட் ஹேண்டில்தான் பார்க்கிறேன்.

வேலூரில் ஒரு கடையில் இரண்டு காட்டினார்கள். ஒன்று லேப்டாப்: ஐ5 6300எச்க்யூ, 8 ஜிபி ராம், கிராபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 960எம் 4 ஜிபி என்று சொல்கிறார், 22,000 கேட்கிறார். இன்னொன்று பெரிய ஆபீஸிலிருந்து லாட்டில் வந்த பிராண்டட் டெஸ்க்டாப்: ஐ5 நான்காம் தலைமுறை, 16 ஜிபி ராம், அதில் ஜிடிஎக்ஸ் 750 டிஐ 2 ஜிபி போட்டு வைத்திருக்கிறார்கள், மானிட்டர் இல்லாமல் 13,000.

960 என்பது 750-ஐ விடப் பெரிய எண், 4 ஜிபி என்பது 2 ஜிபியை விட அதிகம், அப்படியானால் லேப்டாப்தானே வேகமாக இருக்க வேண்டும்? ஆனால் லேப்டாப் கார்டு எல்லாம் டம்மி, பெயருக்குத்தான் என்று ஒரு நண்பர் சொல்கிறார். இன்னொன்று, லேப்டாப் இருந்தால் மண்டபத்துக்கே எடுத்துப்போய் முகூர்த்த வீடியோவை வெட்டி, சாயந்திரம் ரிசப்ஷனில் எல்இடி திரையில் ஓடவிடலாம், இப்போது எல்லாரும் அதைக் கேட்கிறார்கள். என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

---

காட்பாடி கேபிள்:

உங்கள் நண்பர் சொல்வது பாதி சரி. 960எம் என்பது டெஸ்க்டாப் 960 இல்லை. டெஸ்க்டாப் 960-இல் இருப்பது ஜிஎம்206 என்ற சிப், 1024 கூடா கோர் (கணக்குப் போடும் சின்னச் சின்னப் பகுதிகள்), 120 வாட், தனி பவர் கனெக்டர். 960எம்-இல் இருப்பது ஜிஎம்107, 640 கோர்தான். அந்த ஜிஎம்107 வேறு எதில் இருக்கிறது தெரியுமா? 2014 பிப்ரவரியில் வந்த 750 டிஐ-யில். அதாவது உங்களுக்குக் காட்டிய இரண்டு மெஷினிலும் ஒரே சிப், அதே 640 கோர், அதே 128 பிட் மெமரி பாதை. 960எம்-இன் கிளாக் கொஞ்சம் அதிகம், 1096 மெகாஹெர்ட்ஸ், 750 டிஐ 1020. மெமரி பக்கம் 750 டிஐ கொஞ்சம் முன்னால், விநாடிக்கு 86.4 ஜிகாபைட், 960எம் 80. கூட்டிக் கழித்தால் ஒன்றுக்கொன்று சமம். ஒரு வருடம் கழித்துப் பெயரை மட்டும் மாற்றி லேப்டாப்புக்குள் வைத்தார்கள்.

அந்தக் காலத்தில் இந்த ஜிடிஎக்ஸ் கார்டுகளின் கம்பெனியான என்விடியா இப்படித்தான் நிறையக் குழப்பியது. 860எம் என்ற ஒரே பெயரில் இரண்டு சிப்: ஒன்று மேக்ஸ்வெல் தலைமுறை (ஜிஎம்107 இந்தத் தலைமுறைதான்) 640 கோர், இன்னொன்று அதற்கு முந்தைய கெப்ளர் தலைமுறை 1152 கோர். டெஸ்க்டாப்பிலும் யோக்கியம் இல்லை, ஜிடி 730 என்ற பெயரில் 96 கோர் ஃபெர்மியும் உண்டு, 384 கோர் கெப்ளரும் உண்டு. 2016-இல் பாஸ்கல் தலைமுறை வந்த பிறகுதான் எம் என்ற எழுத்தையே எடுத்துவிட்டு, லேப்டாப் 1060-க்கும் டெஸ்க்டாப் 1060 6 ஜிபிக்கும் ஒரே 1280 கோர் கொடுத்தார்கள். அப்பாடா என்று உட்காருவதற்குள் 2017-இல் மேக்ஸ்-க்யூ என்று ஆரம்பித்து, அதே பெயர் போட்ட கார்டை வாட் குறைத்து மெல்லிய லேப்டாப்பில் விற்றார்கள். எம்எக்ஸ்150-இலும் 25 வாட் ஒன்று, 10 வாட் ஒன்று, பெட்டியின் மேல் வித்தியாசம் தெரியாது.

அதனால் எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சிப் எது, மெமரி ஜிடிடிஆர்5-ஆ டிடிஆர்3-ஆ (ஜிடிடிஆர்5தான் வேகம்), எத்தனை வாட், இந்த மூன்றைக் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாது என்றால் ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள், இன்ஸ்டால் செய்யக்கூட வேண்டாம். கீழே ஒரு பட்டியல் இருக்கும், அதில் இன்டெல் கிராபிக்ஸ் முதலில் நிற்கும், என்விடியாவுக்கு மாற்றிவிட்டுப் படம் எடுத்து இங்கே போடுங்கள்.

---

பாலாறு மணல்:

இந்த இரண்டுமே வேண்டாம் தலைவா. 750 டிஐ எல்லாம் மியூசியத்தில் வைக்க வேண்டிய சாமான். அதே காசுக்கு ஆர்எக்ஸ் 580 8 ஜிபி செகண்ட் ஹேண்டில் கிடைக்கும், 2304 கோர், அந்த டெஸ்க்டாப்பில் சொருகி விடுங்கள், 4கே பிய்த்துக்கொண்டு ஓடும்.

---

காட்பாடி கேபிள்:

@பாலாறு மணல், ஆபீஸ் லாட் டெஸ்க்டாப் என்று சொல்கிறார், அதைப் படித்தீர்களா? ஆர்எக்ஸ் 580 185 வாட் கார்டு. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் (பவர் சப்ளை) கார்டுக்குப் போகும் 8 பின் ஒயரே இருக்காது.

---

பாலாறு மணல்:

எஸ்எம்பிஎஸ் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான், அது என்ன பெரிய விஷயம்.

---

சத்துவாச்சாரி சர்வீஸ்:

பெரிய விஷயம்தான் தம்பி. நான் இருபது வருடத்துக்கு மேல் சர்வீஸ் பார்க்கிறேன். இந்த பிராண்டட் ஆபீஸ் பெட்டிகள் பலவற்றில் மதர்போர்டுக்குப் போவது வழக்கமான 24 பின் இல்லை, 8 பின்னோ 6 பின்னோதான், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வெளியில் வாங்கும் எஸ்எம்பிஎஸ் நேராகப் பொருந்தாது, கன்வெர்ட்டர் ஒயர் தேடவேண்டும். ஒல்லிப் பெட்டியாக இருந்தால் சாதாரண எஸ்எம்பிஎஸ் உள்ளேயே போகாது, கார்டும் அரை உயரக் கார்டுதான் நிற்கும். 580-ஐ அந்தப் பெட்டியில் வைக்க வேண்டுமானால் மேல் மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் ஓட்டவேண்டும், பல்லி குடித்தனம் வந்துவிடும்.

இன்னொன்று, 580 என்று விற்பவை எல்லாம் 580 இல்லை. 580 2048எஸ்பி என்று ஒன்று உண்டு, அது உண்மையில் 570-இன் கோர் எண்ணிக்கை. 2022 செப்டம்பரில் எத்திரியம் என்ற கிரிப்டோ காசுக்காகக் கார்டுகளை ஓட்டும் மைனிங் நின்றபோது இந்தக் கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. சிலது நன்றாக ஓடுகிறது, சிலதில் மெமரி செத்துத் திரையில் கோலம் போடுகிறது. வாங்குகிறவனின் ஜாதகம்தான்.

குடியாத்தம் தம்பிக்கு: லேப்டாப்பை எடுக்கிறாய் என்றால் ஒரு விஷயம் யோசி. நம் ஊர் வெயில் உனக்குத் தெரியும். கத்திரியில் மின்விசிறி மட்டும் ஓடும் அறைக்குள் 38, 40 டிகிரி நிற்கும். ஏசி அறையில் 26 டிகிரி. எந்தக் கூலரும் சுற்றியிருக்கும் காற்றைவிட இத்தனை டிகிரி அதிகத்தில்தான் சிப்பை நிறுத்தமுடியும், காற்று 12 டிகிரி ஏறினால் சிப்பும் கிட்டத்தட்ட அந்த 12 டிகிரி ஏறும். ஏசி அறையில் 78 காட்டும் லேப்டாப் உங்கள் கடையில் 90-ஐத் தொடும், தொட்டதும் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். யூடியூபில் பார்க்கும் பெஞ்ச்மார்க் எல்லாம் யாரோ குளிர்ந்த அறையில் எடுத்தது.

டெஸ்க்டாப்பில் 750 டிஐ 60 வாட்தான், அதற்கென்று தனி ஹீட் சிங்க், தனி ஃபேன். லேப்டாப்பில் பல மாடலில் ப்ராசஸருக்கும் கிராபிக்ஸுக்கும் ஒரே செம்புக் குழாய். எக்ஸ்போர்ட் போட்டால் இரண்டும் சேர்ந்து சூடாகும். பழைய லேப்டாப்பைத் திறந்தால் ஃபேனுக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, ஊதினாலும் வராது, ஃபேனைக் கழற்றி முழுசாக உரித்து எடுக்கவேண்டும். தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிரும். அதைச் சுத்தம் செய்து புதுப் பேஸ்ட் வைத்தால் பத்து டிகிரி இறங்குவதை நானே பார்த்திருக்கிறேன், ஆனால் 40 டிகிரி அறையை 26 ஆக்க என்னால் முடியாது.

முக்கியமானது, டெஸ்க்டாப்பில் கார்டு போனால் கழற்றி வேறு போடலாம். லேப்டாப்பில் சிப் போர்டோடு சால்டர் பண்ணியது. எம்எக்ஸ்எம் என்று கழற்றும் வகை சில பெரிய கேமிங் லேப்டாப்பில் இருந்தது, உனக்குக் காட்டியது அந்த ரகமாக இருக்காது. 2008-இல் என்விடியாவே லேப்டாப் சிப்புகளில் பேக்கேஜ் பொருள் கோளாறு என்று ஒத்துக்கொண்டு 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கவேண்டி வந்தது. அப்போதிருந்து ரீபால் (சிப்பைக் கழற்றிப் புதுசாக சால்டர் வைப்பது) பண்ணித் தருகிறேன் என்று ஊருக்கு நாலு பேர் கிளம்பினார்கள். சிப்பை ஹீட் கன்னில் சூடுகாட்டி ஓடவைத்துக் கொடுப்பார்கள், கொஞ்ச நாள் ஓடும், திரும்பப் படுத்துவிடும்.

---

குடியாத்தம் ஸ்டுடியோ:

அண்ணா, ரொம்ப நன்றி. இன்று கடைக்குப் போய் ஜிபியு-இசட் ஓட்டினேன். லேப்டாப்பின் மேல் இருக்கும் ஸ்டிக்கரில் ஜிஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் என்று மட்டும்தான் இருக்கிறது, எண் இல்லை. மென்பொருளில் வந்தது இது: பெயர் ஜிடிஎக்ஸ் 950எம், சிப் ஜிஎம்107, மெமரி 4096 எம்பி டிடிஆர்3, பேண்ட்விட்த் 28.8. கடைக்காரரிடம் காட்டினேன். 950-க்கும் 960-க்கும் என்ன பெரிய வித்தியாசம், நாலு ஜிபி இருக்கிறதே, போய் வாங்கிட்டு வேலையைப் பாருங்கள் என்கிறார். 28.8 என்றால் மோசமா?

டெஸ்க்டாப்பிலும் ஓட்டினேன். அது சரியாக 750 டிஐ, ஜிடிடிஆர்5, 86.4 என்றே வந்தது. பெட்டி ஒல்லிதான், அண்ணா சொன்ன மாதிரியே அரை உயரக் கார்டு.

---

காட்பாடி கேபிள்:

28.8 மோசம்தான். 750 டிஐ-யில் மூன்றில் ஒரு பங்கு. சிப் ஒன்றே ஆனாலும் டிடிஆர்3 போட்டதால் கோர்களுக்கு டேட்டா போய்ச் சேருவதில்லை. டாஸ்மாக் கவுன்ட்டர் மாதிரி, உள்ளே எவ்வளவு சரக்கு இருந்தால் என்ன, கம்பிக்கு வெளியே நீட்டுகிற கை ஒன்றுதானே. ஜிடிடிஆர்5 போட்ட 950எம்-மும் உண்டு, அதுவும் 80 வரும். அதே பெயரில் டிடிஆர்3 போட்டதை விற்றபோது 4 ஜிபி என்று கொட்டை எழுத்தில் அச்சடித்தார்கள். ஜிடி 1030-இலும் 2018-இல் இதே வேலையைச் செய்தார்கள், ஜிடிடிஆர்5 மாடல் 48, டிடிஆர்4 மாடல் 16.8, இரண்டுக்கும் பெயர் ஒன்றே.

22,000-க்கு அதை வாங்கவே வாங்காதீர்கள்.

---

ஹாஸ்டல் பிளாக்:

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். கேமிங் என்றால் காட்பாடி அண்ணன் சொல்வது நூற்றுக்கு நூறு. ஆனால் இவர் எடிட்டிங் கேட்கிறார். எடிட்டிங்கில் மெமரி வேகத்தைவிட அளவு சில இடத்தில் முக்கியம். 4கே டைம்லைனில் கலர் கரெக்ஷன், நாய்ஸ் குறைப்பு எல்லாம் போட்டால் 2 ஜிபி நிரம்பிவிடும், டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள் கிராபிக்ஸ் மெமரி தீர்ந்தது என்று நேராகச் சொல்லி நின்றுவிடும். 4 ஜிபி டிடிஆர்3 நொண்டினாலும் முடித்துக் கொடுக்கும், 2 ஜிபி ஜிடிடிஆர்5 நடுவழியில் உட்கார்ந்துவிடும்.

அப்புறம் கேமரா என்ன ஃபார்மட்டில் எடுக்கிறது என்பதை யாருமே கேட்கவில்லை. எச்.264 என்றால் இரண்டு மெஷினும் திறந்துவிடும். எச்.265 என்றால் ஜிஎம்107-க்கு அதை முழுசாக ஹார்டுவேரில் டீகோட் செய்ய, அதாவது சுருக்கிய வீடியோவை விரித்துக் காட்ட, தெரியாது, நான்காம் தலைமுறை இன்டெல்லுக்கும் தெரியாது. எல்லாம் ப்ராசஸர் தலையில் விழும், பிளே பட்டனை அழுத்தினால் ஸ்லைடு ஷோ ஓடும். வேடிக்கை என்னவென்றால் அந்த லேப்டாப்பின் 6300எச்க்யூ ஆறாம் தலைமுறை, அதற்குள் இருக்கும் இன்டெல் எச்டி 530 எச்.265 8 பிட்டை ஹார்டுவேரிலேயே டீகோட் செய்யும். நீங்கள் திட்டிக்கொண்டிருக்கும் லேப்டாப்பில் என்விடியா கார்டு செய்ய முடியாததை ஓசியில் வந்த இன்டெல் செய்கிறது.

---

காட்பாடி கேபிள்:

நல்ல பாயின்ட் தம்பி, ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் இரண்டுக்கும் பொதுவாக ஒரு வழி இருக்கிறது: டெஸ்க்டாப்பை 750 டிஐ இல்லாமல் விலை பேசி வாங்கிவிட்டு, 1050 டிஐ அரை உயர மாடல் ஒன்றைத் தேடிப் போடுவது. 768 கோர், 4 ஜிபி ஜிடிடிஆர்5, 112 ஜிகாபைட், 75 வாட். 75 வாட் என்பது ஸ்லாட்டே கொடுக்கும் மின்சாரம், அதனால் தனி பவர் கனெக்டர் இல்லாத மாடல்கள் உண்டு, எஸ்எம்பிஎஸ்ஸைத் தொட வேண்டாம். பாஸ்கல் என்பதால் எச்.265 10 பிட் டீகோடும் உண்டு, எக்ஸ்போர்ட்டில் வீடியோவைச் சுருக்கும் என்கோடும் உண்டு. ஜிடி 1030 இன்னும் மலிவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அதில் வீடியோ என்கோடரே கிடையாது, எக்ஸ்போர்ட்டுக்கு உதவாது.

டிரைவர் பற்றியும் ஒரு வார்த்தை. மேக்ஸ்வெல், பாஸ்கல் இரண்டுக்கும் 2025 அக்டோபரோடு புது கேம் டிரைவர் நின்றது, பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரை என்று என்விடியா அறிவித்திருக்கிறது. இரண்டு மெஷினுக்கும் விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது, 10-க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. எடிட்டிங் மெஷினில் பேங்க் வேலை எல்லாம் வைத்துக்கொள்ளாதீர்கள். மென்பொருளையும் இப்போது ஓடும் வெர்ஷனிலேயே நிறுத்திவிடுங்கள், அப்டேட் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

---

பாலாறு மணல்:

1050 டிஐ-யும் 2016 சாமான்தான், அதையும் மியூசியத்துக்கு அனுப்புங்கள். சரி சரி, பெட்டி ஒல்லி என்றால் வேறு வழி இல்லை, விட்டுவிடுகிறேன்.

---

சத்துவாச்சாரி சர்வீஸ்:

1050 டிஐ வாங்கும்போது ஒன்று கவனி. பழைய ஜிடிஎஸ் 450, 550 டிஐ கார்டில் உள்ளே இருக்கும் பயாஸ் மென்பொருளை மாற்றி எழுதி 1050 டிஐ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். விண்டோஸில் பார்த்தால் 1050 டிஐ 4 ஜிபி என்றே காட்டும், ஏதாவது ஓட்டினால் படுத்துவிடும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி, பின்பக்கம் நீல விஜிஏ போர்ட் இருக்கிறதா என்று பார். பாஸ்கல் சிப்பில் அனலாக் வெளியீடே கிடையாது, நீல போர்ட் இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடு. ஜிபியு-இசட்டின் புது வெர்ஷன் போலிக் கார்டின் பெயருக்கு முன்னால் போலி என்றே போட்டுக் காட்டும்.

கார்டு சரியாக இருந்தாலும் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதே. ஜிபியு-இசட்டில் பஸ் இன்டர்ஃபேஸ் வரிசைக்குப் பக்கத்தில் சின்னக் கேள்விக்குறி பட்டன் இருக்கும், அதை அழுத்தினால் ஒரு படம் சுற்ற ஆரம்பிக்கும், அதை ஓடவிட்டு சென்சார் பக்கத்தில் சூடும் ஃபேன் வேகமும் எப்படி ஏறுகிறது என்று பார். ஃபேனில் கரகர சத்தம் வந்தால் விலையில் குறை. அரை உயரக் கார்டு என்றால் அதற்குரிய குட்டைத் தகடும் கையோடு வாங்கு, தனியாகத் தேடினால் நாய் படாத பாடு.

வேலூரில் அரை உயர 1050 டிஐ அடிக்கடி வருவதில்லை. லாங் பஜார் பக்கமோ ஆபீசர்ஸ் லைன் பக்கமோ கேட்டுப் பார், இல்லையென்றால் காலையில் ஏலகிரி எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்ட்ரலில் இறங்கி, மெட்ரோவில் அரசினர் தோட்டம் போனால் ரிச்சி தெரு நடக்கும் தூரம். ஞாயிற்றுக்கிழமை போகாதே, பாதிக் கடை மூடியிருக்கும்.

---

குடியாத்தம் ஸ்டுடியோ:

டெஸ்க்டாப்பை 750 டிஐ கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு 9,500-க்குப் பேசிவிட்டேன். மாமா கேமரா இப்போது எச்.264தான், அடுத்த வருடம் மாற்றப் போகிறார், அதனால் 1050 டிஐ-யே போடலாம் என்று இருக்கிறேன். ரிச்சி தெருவில் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், அரை உயரம், விஜிஏ இல்லை, தகடும் உண்டு என்று படம் அனுப்பியிருக்கிறார்.

மண்டபத்துக்கு என்ன செய்வது என்பதுதான் இன்னும் புரியவில்லை. மாமாவிடம் ஒரு பழைய ஐ3 லேப்டாப் இருக்கிறது, கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அதில் 4கே திறந்தால் மவுஸ்கூட நகராது.

---

ஹாஸ்டல் பிளாக்:

அதுவே போதும். ப்ராக்ஸி போடுங்கள், அதாவது ஒரிஜினலுக்குப் பதில் எடிட்டிங்குக்கு மட்டும் ஒரு சின்னக் காப்பி. காலையில் கேமராவின் மெமரி கார்டு வந்ததும் ஸ்டுடியோவில் இருப்பவர் டெஸ்க்டாப்பில் 720பி ப்ராக்ஸி உருவாக்கி ஒரு போர்ட்டபிள் எஸ்எஸ்டியில் போட்டு மண்டபத்துக்கு அனுப்பட்டும். ஐ3-யில் ப்ராக்ஸியை வைத்து வெட்டி ஒட்டிவிடுங்கள். எல்இடி திரைக்கு 720பி-யே தாராளம், அங்கேயே எக்ஸ்போர்ட் செய்து ஓடவிடலாம். வீட்டுக்குக் கொடுக்கும் காப்பிக்கு அதே ப்ராஜெக்ட்டை ராத்திரி டெஸ்க்டாப்பில் திறந்து ஒரிஜினலோடு இணைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மெஷினிலும் அந்த எஸ்எஸ்டிக்கு ஒரே டிரைவ் எழுத்து கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு ஃபைலாக எங்கே என்று கேட்டு உயிரை வாங்கும். ஃபைல் பெயரையும் நடுவில் மாற்றாதீர்கள்.

---

சத்துவாச்சாரி சர்வீஸ்:

டெஸ்க்டாப்பை வாங்கியதும் ஒரு நல்ல யுபிஎஸ் போடு தம்பி. எக்ஸ்போர்ட் நடுவில் கரன்ட் போனால் அந்தப் பழைய எஸ்எம்பிஎஸ் திரும்ப எழுந்திருக்குமா என்பது சந்தேகம், அந்த மாடலுக்கு மாற்று எஸ்எம்பிஎஸ் கிடைப்பதும் கஷ்டம்.